மிஸ்டர் பிக்கெட்டுக்கு நான்தான் குரல்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கூட்டத்தில், ஆறிப்போன காபிக்கும் யாரும் சீண்டாத டோனட்டுக்கும் நடுவில் பிறந்தது. எங்கள் சமுதாயக் கல்லூரியின் டீன் அம்மாள் திரையில் கட்டம் கட்டமாக ஒரு படத்தைப் போட்டு, "நர்ஸிங்ல சேர்றவங்க இவ்வளவு பேர் பாதியிலேயே போயிடறாங்களே, ஏன்?" என்று கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கார் மக்கர் பண்ணுகிறது, மருந்து அளவுக் கணக்கு வரவில்லை, ராத்திரி வேலை, புருஷன் சரியில்லை. எல்லாமே உண்மைதான். அத்தனையையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியில் டீன் என் பக்கம் திரும்பி, "கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து எல்லாத்தையும் பாக்கறவர் நீங்கதானே, நீங்க சொல்லுங்க," என்றார்.

நான் சட்டென்று டோனட்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் அது அந்தப் படத்தின் எந்தக் கட்டத்துக்குள்ளும் போய் உட்காராது. அப்படிப்பட்டதைத்தான் கதையாக எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

(என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பயிற்சிக் கூடத்துக் கட்டிலில் ஒரு ரப்பர் மனிதர் படுத்திருப்பார். மூச்சு விடுவார், கண் சிமிட்டுவார், தொட்டால் நாடி துடிக்கும். பெயர் மிஸ்டர் பிக்கெட். பேச மட்டும் வராது. ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்து, அவருக்காக இருமுவதும் முனகுவதும் மாணவர்களைத் திட்டுவதும் நான். காலேஜ் நாடகத்தில் கிழவன் வேஷம் கட்டிய வாய், கலிஃபோர்னியாவில் இப்படித்தான் சோறு போடுகிறது.)

2

முதல் தொடக்கம்: எங்கள் நர்ஸிங் மாணவி யாதிரா ஓச்சோவாவின் பழைய வேன், பாதாம் தோப்புகளுக்கு நடுவே, நெடுஞ்சாலையில் புகையைக் கக்கிக்கொண்டு—

வேண்டாம். வேன் நின்றால் அவள் இறங்கி, முன்மூடியைத் திறந்து, ஸ்பானிஷில் நாலு வசவு விட்டு, அதைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவாள். வேனுக்காகப் படிப்பை விடுகிற ஜாதி இல்லை அவள்.

இரண்டாவது தொடக்கம்: "படிச்சுக் கிழிச்சது போதும்!" என்று அவள் புருஷன் எஃப்ராயின் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து—

இதுவும் வேண்டாம். எழுத ஆசையாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். புருஷனை வில்லனாக்கிவிட்டால் கதை தானாக உருண்டோடும். ஆனால் பால் லாரி ஓட்டுகிற அந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவன். அந்த வீட்டில் நடந்தது வேறு. யாதிரா சொல்லிச் சொல்லிச் சிரித்ததை வைத்து எழுதுகிறேன். அந்தச் சமையலறையை நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் நீலத் துணி விரித்து, அதன்மேல் கையுறை, பஞ்சு, சிறுநீர்க் குழாய் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து அவள் பழகிக்கொண்டிருக்கிறாள். எஃப்ராயின் குறுக்கே கையை நீட்டுகிறான்.

"கைய எடு! எடுங்கறேன்ல!"

"உப்பு வேணும்டி."

"துணிக்கு மேல கை போச்சுன்னா எல்லாம் போச்சு. அந்தப் பக்கமா சுத்திக்கிட்டு வா."

"என் வீட்ல, என் மேசைல, ஒரு சிட்டிகை உப்புக்கு நான் ஊரச் சுத்தி வரணுமா?"

"உன் கை பூரா கிருமி."

"கல்யாணத்தன்னைக்கு இதே கையத்தானே புடிச்ச? அப்பத் தெரியலையா?"

"அப்ப நான் படிக்கல."

அவன் முணுமுணுத்துக்கொண்டே மேசையைச் சுற்றிப் போய் உப்பை எடுத்தான். அப்புறம் சோபாவில் நோயாளியாகப் படுத்து, அவள் கேட்ட மாதிரியெல்லாம் முனகிக்கொடுத்தான். "நல்லா முனகு. இது வலி மாதிரியா இருக்கு? பசி மாதிரி இருக்கு," என்று அவள் அதட்ட, "பசிதான்டி," என்றான். இவனையா நான் வில்லனாக்கப் பார்த்தேன்!

3

இந்தப் படிப்பு போனால் இவளுக்கு என்னவெல்லாம் போகும் என்று சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடப்பது ஒன்றும் உறைக்காது.

எங்கள் ஊரில் நர்ஸிங் இடம் மதிப்பெண்ணால் மட்டும் கிடைப்பதில்லை. தகுதியானவர்கள் இடங்களைப் போலப் பல மடங்கு இருப்பதால் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். யாதிராவின் பெயர் வருஷா வருஷம் உள்ளே போய், வராமலே இருந்தது. அத்தனை நாளும் அவள் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கிழவிக்குக் காய்ச்சல் ஏறினால் நர்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அதற்குமேல் அவளுக்கு உரிமை இல்லை. "தள்ளி நிக்கறது எனக்கு ஆகல," என்பாள். பெயர் வந்த அன்று ஒரு பெரிய அண்டா நிறையச் சோளமும் இறைச்சியுமாகச் சூப் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றினாள்.

இப்போது சோதனை. சிறுநீர்க் குழாய் போடுவதை மிஸ்டர் பிக்கெட்டின்மேல் செய்துகாட்ட வேண்டும். இடது கை உடம்பைத் தொட்டுவிட்ட பிறகு அதன் சுத்தம் போனது போனதுதான். வலது கை கடைசிவரை சுத்தம், "ஸ்டெரைல்" என்பார்கள். அது சுத்தமான தட்டில் இருப்பதைத் தவிர எதன்மேலும் படக் கூடாது. பட்டால் அந்த முயற்சி முடிந்தது. மூன்று முயற்சி. மூன்றிலும் தவறினால் படிப்பு முடிந்தது. மறுபடி குலுக்கலில் போய் நிற்க வேண்டும், அதுவும் கல்லூரி சம்மதித்தால்.

முதல் தடவை பதற்றத்தில் தட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். முதுகு காட்டினால் அந்தத் தட்டு சுத்தம் இல்லை என்று அர்த்தம்.* இரண்டாம் தடவை கையுறை கிழிந்தது. மிச்சம் ஒன்று.

* இது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. நீ பார்க்காத நேரத்தில் என்ன நடந்ததென்று உனக்குத் தெரியாது, தெரியாததைச் சுத்தம் என்று சொல்லாதே. இந்த ஒரு விதியை அரசியலுக்குக் கொண்டுபோனால்— [அடித்துவிட்டேன். கதை எங்கேயோ போகிறது.]

4

[இந்தப் பகுதியை எத்தனை தடவை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. "இப்படி ஒருத்தி இருப்பாளா, விடுய்யா," என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்று பயம். இவளுக்கு ஒரு சின்னக் குறையாவது வைக்கலாமென்று கோபக்காரி ஆக்கிப் பார்த்தேன். கோபக்காரிதான், அது பொருந்தியது. ஆனாலும் நடந்தது நம்பும்படி ஆகவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.]

காலை நேரம். எங்கள் ஆசிரியை ரோவேனா டுமலாவ் மேம் கட்டிலருகே பலகையும் பேனாவுமாக நிற்கிறார். மணிலாவில் படித்து, இந்தக் கலிஃபோர்னியாப் பள்ளத்தாக்கின் ஆஸ்பத்திரிகளில் முடி நரைத்தவர். சிரிக்க மாட்டார் என்று பெயர். திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டிலில் இன்னொரு மாணவன் பழகிக்கொண்டிருக்கிறான்.

மற்றவர்கள் மிஸ்டர் பிக்கெட்டின் இடுப்புக்குக் கீழேதான் பார்ப்பார்கள். யாதிரா முகத்தைப் பார்த்துப் பேசுவாள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். நமக்கும் முகம் இருக்கிறது என்று நினைப்பு வந்துவிடும்.

"ஐயா, இப்ப குழாய் போடப்போறேன். கொஞ்சம் எரியும்."

"கொஞ்சம்னா எவ்வளவும்மா? நீ போட்டுக்கிட்டதுண்டா?" என்றேன் மைக்கில். (இது எழுதிக்கொடுத்த வசனத்தில் இல்லை.)

"பிரசவத்தப்போ போட்டாங்க. அதனாலதான் மெதுவா போடுவேன்."

துணி விரித்தாள். கையுறை போட்டாள். இடது கையால் பிடித்து, வலது கையால் இடுக்கியில் பஞ்சை எடுத்துத் துடைத்தாள். ஒரு குறை இல்லை. நானே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு தடாலென்று விழுந்தது. டுமலாவ் மேம் திரும்பிப் பார்த்தார். யாதிராவின் தோள் துள்ளியது. வலது கையின் சுண்டு விரல் படுக்கை விரிப்பில் லேசாக உரசி மேலே வந்தது.

நான் பார்த்தேன். மேம் பார்க்கவில்லை. அவர் மறுபடி இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியபோது கை காற்றில், சரியான இடத்தில் இருந்தது. பேனா "தேர்ச்சி" என்ற இடத்துக்கு மேல் தயாராக இருந்தது. குழாயை எடுத்து உள்ளே விட வேண்டியதுதான். ரப்பருக்குக் கிருமி ஏறாது. காய்ச்சல் வராது. உலகத்தில் ஒரு உயிருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

அவள் கை அங்கேயே நின்றது. மேமைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை. மிஸ்டர் பிக்கெட்டின் முகத்தைப் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்கய்யா. என் கை உங்க விரிப்புல பட்டிருச்சு. இந்தக் கையால உங்களுக்குப் போட மாட்டேன்."

டுமலாவ் மேம் தலை நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"ஸ்டெரைல் போச்சு மேம்."

"நான் எதையும் பாக்கலை."

மேம் குரலைத் தாழ்த்தினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "இந்தா பாரும்மா. நல்லாக் கேட்டுக்க. நான் எதையும் பாக்கலை."

"நான் பாத்தேன் மேம்," என்றாள் யாதிரா.

அம்மாடி! இத்தனை வருஷம் கதை எழுதுகிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தியின் வாயில் இப்படி ஒரு வார்த்தையை வைக்க எனக்கு வந்ததில்லை. இருட்டறையில், ஒருவருக்கும் தெரியாமல், நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

5

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன, மூன்றும் சரியில்லை.

அ) மேம் கண்ணீரோடு பேனாவை எடுத்துத் தேர்ச்சி போட்டுவிடுகிறார். கூட்டம் கை தட்டுகிறது. [எழுதிப் பார்த்தேன். போட்டிருந்தால் யாதிரா காப்பாற்றிய விதியை அவளுக்காகவே உடைத்ததாகும். டுமலாவ் மேம் அப்படிச் செய்யவில்லை. பேனா ரொம்ப நேரம் அப்படியே நின்றது, அப்புறம் பக்கத்திலிருந்த "தோல்வி" கட்டத்தில் இறங்கியது.]

ஆ) அடுத்த வருஷம் குலுக்கலில் முதல் பெயரே அவளுடையது. [இப்படி ஆக வேண்டுமென்று எனக்கும் ஆசைதான். ஆனால் என் ஆசைக்குப் பெயர் கதை இல்லை.]

இ) நல்லவர்களுக்கு இந்த உலகத்தில் இடமில்லை என்று ஒரு பெருமூச்சு. [இதுதான் இருப்பதிலேயே பொய். தோற்றவள் மாதிரியா நின்றாள் அவள்? வேதனை இருந்தது. ஆனால் முதுகு நேராக இருந்தது.]

டீனின் படத்தில் அவள் "செய்முறையில் தோல்வி" என்ற கட்டத்துக்குள் ஒரு புள்ளியாக இருக்கிறாள். ஏன் பாதியில் போகிறார்கள் என்று கேட்டீர்களே அம்மா. ஒருத்தி, நர்ஸாக இருந்ததால் போனாள். இதை எந்த முகத்தோடு கூட்டத்தில் சொல்வது?

6

முடிவை நான் எழுதப்போவதில்லை. நடந்ததில் மிச்சமிருப்பதை மட்டும் சொல்கிறேன்.

பேனா இறங்கிய பிறகு அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு அழுதபடி வெளியே ஓடியிருக்கலாம். அப்படிப் போனவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாதிரா கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றினாள். கை கழுவினாள். திரும்பி வந்து மிஸ்டர் பிக்கெட்டின் அங்கியை இழுத்து மூடி, போர்வையைக் கால்வரை விரித்தாள். கட்டிலைத் தாழ இறக்கினாள். நர்ஸைக் கூப்பிடுகிற பொத்தானை எடுத்து அவர் விரலுக்கு எட்டும்படி வைத்தாள். எந்த நோயாளியை விட்டுப் போகும்போதும் செய்ய வேண்டியது இது. அதற்கு இனி மதிப்பெண் கிடையாது. டுமலாவ் மேம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு அவள் குனிந்து கேட்டாள். கண்ணில் நீர் ததும்பியது, குரலில் மட்டும் பிசிறில்லை.

"நான் கிளம்பறேங்கய்யா. போறதுக்கு முன்னாடி உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?"

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. மிஸ்டர் பிக்கெட் பதில் சொல்ல வேண்டும். என் முன்னால் வசனத் தாள் கிடந்தது. அதில் இதற்கு ஒன்றுமில்லை. வாயைத் திறந்தேன். வரவில்லை. இன்று இதை எழுதும்போதும் வரவில்லை.

ஆகவே, வாசகரே, நான் மைக்கை விட்டு நகர்ந்து கொள்கிறேன். மிஸ்டர் பிக்கெட்டின் இடத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். போர்வை சரியாக இருக்கிறதா? அவள் இன்னும் போகவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். சொல்லுங்கள்.