ஹெர்மினாவின் கல்யாணம்

ஹெர்மினா நடித்த நான்கு ஊமைப்படங்களிலும் கடைசியில் செத்துப்போவாள். ஒன்றில் ஆற்றில் குதித்து, ஒன்றில் விஷம் குடித்து, மற்ற இரண்டில் காரணமே சொல்லாமல் மெலிந்து. அந்தப் பெரிய கண்களை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வதென்று வியன்னாவின் படக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியவில்லை. அம்மா ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. “பெத்தவ காசு குடுத்து அதையா போய்ப் பாப்பா?” என்று, சலவைக்கு வந்த சட்டைகளைத் தேய்த்துக்கொண்டே கேட்பாள்.

ஐந்தாவது படத்தில் கல்யாணம். “இதுல நான் சாகலம்மா. வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு கோயிலுக்குள்ள போறேன், அதோட படம் முடியுது. நீ வந்தே ஆகணும்” என்றாள் ஹெர்மினா. அம்மாவும் சரி என்றுவிட்டாள். அந்தக் காட்சியை எடுப்பதற்குள் காசநோய் முந்திக்கொண்டது. இருபத்திரண்டு வயது.

அடக்கம் முடிந்த வாரமே டைரக்டர் டோப்லிங்கர் படியேறி வந்தார். தங்கை ஓட்டிலியை வாசலிலேயே நிறுத்தி, “உனக்கும் அவ உயரந்தான். முதுகு மட்டும் தெரிஞ்சா போதும். இல்லேன்னா சவப்பெட்டியக் காட்டித்தான் முடிக்கணும், ஜனங்களுக்கும் அது பழகிப்போச்சு” என்றார். மனிதருக்குக் கூச்சமே இல்லை. ஆனால் கல்யாணக் காட்சியை எடுத்து முடித்துவிட்டார்கள் என்றே அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். படம் எப்போது வரும் என்று அன்று காலையில்கூடக் கேட்டிருந்தாள். ஓட்டிலி ஒப்புக்கொண்டாள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

அக்காவின் நோயுடம்புக்கு அளவெடுத்துத் தைத்த கவுன் அது, இவளுக்கு இறுக்கிப் பிடித்தது. முன்பக்கத்தைப் பிரித்துக் குண்டூசி குத்தினார்கள். நடக்கும்போது ஓட்டிலி அழுதாள். கேமரா பின்னால்தானே இருந்தது.

நவம்பரில் படம் வந்தது. எங்கே செத்துவிடுவாளோ என்று அம்மா கடைசிவரை கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பியானோக்காரர் கல்யாண மெட்டை எடுத்ததும் வெள்ளை கவுன் கோயில் படியேறியது. அரங்கமே விசும்பியது. அம்மா மட்டும் அழவில்லை. அவள் முகம் மலர்ந்திருந்தது.

“பாத்தியாடி, உங்கக்கா எப்படி நடக்கிறான்னு? நீயும்தான் இருக்கியே, சலவை மூட்டைய எறக்கி வச்சப்புறமும் மூட்டையோடவே நடப்ப. தலகீழா நின்னாலும் உனக்கு அது வராது.”

அது நான்தாம்மா என்று சொல்லிவிட ஓட்டிலிக்கு வாய் துடித்தது. சொன்னால் ஹெர்மினா இந்தப் படத்திலும் செத்துப்போவாள்.

“வராதும்மா” என்றாள்.