இரும்பரணின் மார்புக் கதவு

இரும்பரண் என்பது இரண்டு சாண் உயரமுள்ள பிளாஸ்டிக் கோட்டை. பதினான்கு படிகளில் திருப்பி மடக்கினால் எழுந்து நிற்கும் ரோபோவாக மாறும். காவல் கோபுரங்கள் கைகளாகும், ஏவுதளம் முதுகாகும். ஒன்பதாவது படியில் மார்புக் கதவு திறந்து உள்ளிருந்து பீரங்கி வெளியே வர வேண்டும். வராது. இருபது பொம்மைகளை எடுத்துப் பார்த்தேன். பதினேழில் கதவு பாதியிலேயே சிக்கியது. சரியாக எண்ணினேனா என்ற சந்தேகத்தில் மறுபடி எண்ணினேன். பதினெட்டு.

எங்கள் பொம்மைக் கம்பெனியில் சித்தப்பாதான் அச்சு ஃபிட்டர். உருகிய பிளாஸ்டிக் போய் விழும் இரும்பு அச்சுகளைக் கழற்றிச் சரிசெய்வது அவர் வேலை. கீல் வார்க்கும் இடத்தில் அச்சு தேய்ந்துவிட்டது, மெஷினை ஒரு வாரம் நிறுத்தினால் சரிசெய்துவிடலாம் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜருக்குப் பட்டறையில் 'விளம்பரம்' என்று பெயர். காலை வணக்கத்தைக்கூடத் தள்ளுபடி அறிவிப்பதுபோலத்தான் சொல்வார். மெஷின் ஒரு நாள்கூட நிற்காது என்று சித்தப்பாவை அனுப்பிவிட்டு, பெட்டிகளுக்கு வாசகம் எழுதும் என்னைக் கூப்பிட்டார்.

"கதவு ஏன் திறக்கலைங்கறதுக்கு ஒரு வரலாறு எழுதும்மா. படிச்சா கண்ணுல தண்ணி வரணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மறைத்தேன்.

பெரும்போரின் நாற்பதாம் நாள் எதிரிகள் கோட்டைக்குள் புகுந்தார்களாம். வெடிக்க இருந்த எரிகலனோடு ஏழு வீரர்கள் மார்பு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு கோட்டையைக் காப்பாற்றினார்களாம். அவர்கள் நினைவாக அந்தக் கதவை இனி ஒருவரும் திறப்பதில்லை என்று தளபதி சூளுரைத்தாராம். சுண்டுவிரல்கூட நுழையாத அறைக்குள் ஏழு பேர் எப்படிப் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விளம்பரம் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேய்ந்துபோன கீலுக்காகக் கண்கலங்கும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஆறாயிரம் பெட்டிகளில் அச்சாகி வந்தது.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். எதையும் அரைகுறையாக விடாதது என் வியாதி. பெட்டி ஒன்று சொல்ல, தரப் பரிசோதனைத் தாள் வேறொன்று சொல்லக் கூடாதே என்று தாளின் ஒன்பதாவது வரியை மாற்றித் தட்டச்சு செய்தேன்: 'மார்புக் கதவு திறக்கக் கூடாது.' விளம்பரம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

சித்தப்பாவுக்கு அந்த வரி தெரியாது. அவர் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வார விடுமுறைகளில்தான் மெஷின் ஓயும். ஏழு விடுமுறைகள் தொடர்ந்து, யாரும் கேட்காமலே வந்து, அச்சைக் கழற்றி, தேய்ந்த இடத்தில் உலோகம் ஏற்றி, மயிரிழை மயிரிழையாக அரம் போட்டிருக்கிறார். சித்தி கேட்டதற்கு, தன் அச்சில் விழுந்த கதவு திறக்கவில்லை என்றால் தனக்குச் சோறு இறங்காது என்றாராம்.

எட்டாவது வாரத்தின் முதல் நாள் புதுப் பொம்மைகள் வந்தன. மதியம் சித்தப்பா என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு பரிசோதனை மேசைக்குப் போனார். எதையோ காட்டப்போகும் முகம். மேசைக்குக் கீழே கழிவுத்தொட்டி நிரம்பி வழிந்தது. எல்லாம் புது இரும்பரண்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு: 'கதவு திறக்கிறது.'

பரிசோதகர் அக்கா தலை நிமிராமலே பேசினார்.

"என்ன தம்பி பண்ணி வெச்சிருக்கே? காலையிலேருந்து ஒண்ணு விடாம திறக்குது."

"கதவுன்னா திறக்கத்தானேக்கா?"

"அதை என்கிட்ட கேக்காதே. தாள்ல கூடாதுன்னு இருக்கு. சாயங்காலம் எல்லாம் அரவைக்குப் போகுது."

சித்தப்பா தாளை எடுத்துப் பார்த்தார். கீழே தட்டச்சு செய்தவர் என்று என் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. என்னைத் திரும்பிப் பார்க்காமல் தாளை மேசையில் வைத்தார்.

நான் விளம்பரத்திடம் ஓடினேன். பெட்டியெல்லாம் அச்சாகிவிட்டது, வரலாற்றை மாற்ற முடியாது, கதவை வேண்டுமானால் மாற்றலாம் என்றார். உங்கள் சித்தப்பாவையே பசை வைத்து ஒட்டிவிடச் சொல், ஒட்டாததை அரைத்துவிடலாம் என்றார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. அவர் மேசைமேல் என் நிரந்தர ஆணை கையெழுத்துக்குக் காத்திருந்தது.

நின்றபடியே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பெட்டிமேல் ஸ்டிக்கராக ஒட்டிவிடலாம் என்றேன். 'நாற்பது ஆண்டுகள் கழித்து, கோட்டையின் பழுதுபார்ப்பவர் தனியாளாக உழைத்து மார்புக் கதவைத் திறந்தார். ஏழு வீரர்களும் உயிரோடு வெளியே வந்தார்கள்.'

விளம்பரத்தின் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தார்.

"நல்லாருக்கு. ஆனா பழுதுபார்க்கறவன் எதுக்கும்மா நடுவுல? ரிப்பேர்காரனுக்கு எந்தக் குழந்தை கை தட்டும்? தளபதின்னு போடு. வாளால திறந்தார்னு போடு."

அடித்து எழுதினார். அதே பேனாவால் என் ஆணையிலும் கையெழுத்துப் போட்டார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை எது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

பரிசோதனைத் தாளின் ஒன்பதாவது வரியை மாற்றினேன். தொட்டி காலியானது, ஒரு பொம்மையும் அரவைக்குப் போகவில்லை. மறுநாள் மாலை ஸ்டிக்கர் கட்டு வந்ததும் முதல் தாளைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். ஓர் இரும்பரணை எடுத்து ஒன்பதாவது படிவரை திருப்பினார். கதவு வெண்ணெய்போல் திறந்தது.

"கீலுக்கு எந்தப் பக்கம் வாளை வெச்சாராம் உங்க தளபதி?"

நான் பொம்மையின் கதவை மூடினேன்.

"வேலை நிரந்தரமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சித்தப்பா."

"அப்ப தளபதிக்கு ஒரு வணக்கம் சொல்லிடு."

தாளை என் கையில் திணித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ஒட்டும் வேலைக்கு ஆள் போடவில்லை. ஆறாயிரமும் என் தலையில் விழுந்தது. வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்புக்கு அன்று போகவில்லை. கிடங்கில் உட்கார்ந்து முதல் பெட்டியில் ஒட்டினேன். தளபதி கொஞ்சம் சாய்ந்திருந்தார். உரித்தெடுத்து, அளவுகோல் வைத்து, நேராக ஒட்டினேன்.