நடந்துகொண்டே பார்க்கலாம்

மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் ரேடியோ கெட்டுப்போனால் ருக்மணியிடம் கொண்டுபோவார்கள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பதினைந்து வயதில், வீட்டு ரேடியோ ஒரு மழை நாளில் வாயடைத்துப்போனபோது, யாரையும் கேட்காமல் பின்பலகையைக் கழற்றினாள். மூன்றாம் நாள் அது பாடியது. அதிலிருந்து அக்கம்பக்கத்து வீட்டு ரேடியோக்கள் ஒவ்வொன்றாக அவள் மேசைக்கு வரத் தொடங்கின.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அண்ணன் கணேசமூர்த்தியை மட்டும் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆனால் அதற்காக அவள் அவன்மீது ஒருநாளும் குறைபட்டதில்லை. ரேடியோ புத்தகங்களில் உள்ள இங்கிலீஷை அவன்தான் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்வான். அப்பா கலியாணசுந்தரம் இறந்த பிறகு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து படம் பார்த்துக் கம்பி இணைப்பார்கள். அவனுக்குக் கம்பி புரியாது. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து புரியாது. இரண்டையும் சேர்த்து ஒரு வேலை நடந்தது.

கணேசமூர்த்திக்கு ஆற்றங்கரையில் இருந்த ஓர் இறக்குமதிக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அறுபத்து மூன்றாம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒருநாள் அவன் சைக்கிளின் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். உள்ளே ஜப்பானில் செய்த சின்ன டெலிவிஷன் இருந்தது. ரொட்டி டின் அளவுதான். மேலே கைப்பிடி, இழுத்தால் நீளும் ஏரியல் கம்பி, தனியாகச் சுமக்க ஒரு பேட்டரி.

சிங்கப்பூரில் அப்போதுதான் டெலிவிஷன் தொடங்கியிருந்தது. வருஷக் கடைசியில் கோலாலம்பூரிலும் வரப்போகிறது என்று பேச்சு. கம்பெனிக்கு ஒரு யோசனை இருந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகிற டெலிவிஷனை இந்த ஊரில் விற்க முடியுமா, போகிற இடத்தில் எல்லாம் படம் தெரியுமா என்று ஒவ்வொரு கிளையும் சோதித்து எழுதி அனுப்ப வேண்டும்.

"நீ பார்த்துச் சொல்லு ருக்கு. உன் பேரைப் போட்டுத்தான் எழுதுவேன். நல்லா அமைஞ்சா ரிப்பேர் மேசைக்கு ஆள் எடுப்பாங்க. நான் துவான்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றான். துவான் என்றால் கம்பெனித் துரை.

கம்பெனியில் மேசை, அதற்கு முன்னால் அவளுக்கென்று ஒரு நாற்காலி. அன்று முழுக்க அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

நாற்பது சாயந்தரங்கள் அவள் அந்தப் பெட்டியோடு அலைந்தாள். பெண் தனியாகப் போகக்கூடாது என்று அம்மா நாகம்மா கண்டிப்பாகச் சொன்னதால், பக்கத்து வீட்டு மீனாச்சியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். மீனாச்சி, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வம்சமான மலாக்காச் செட்டி குடும்பத்துப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவள். பேசுவது மலாய்தான். ருக்மணி அவளை, மலாயில் அம்மா என்று பொருள்படும்படி, மாக் என்று அழைப்பாள். அவள் கணவர் அப்பாசாமி பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார்.

ருக்மணி பெட்டியைத் தூக்க, மாக் மீனாச்சி பேட்டரியைக் கூடையில் வைத்துச் சுமந்தாள். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வாசலில் வைத்துப் பார்த்தார்கள். வெறும் வெள்ளைப் புள்ளிகள். கிளேபாங் கடற்கரையில் சத்தம் மட்டும் வந்து வந்து போனது. திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறி மடியில் வைத்துக்கொண்டு போனபோது, ஓட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துச் சாக்கடையில் விடப் பார்த்தான். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் கண்ணாடி கறுத்துப்போனது. பேட்டரி மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஒரே ஒரு சாயந்தரம், புக்கிட் சீனா மேட்டில், ஏரியலைத் தெற்கே சாய்த்துப் பிடித்தபோது புள்ளிகள் விலகின. ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். கால் சலங்கை வரைக்கும் தெரிந்தது. மாக் மீனாச்சி கூடையைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். ஏழு நிமிஷம் படம் நிலைத்து நின்றது. பிறகு படம் சாய்ந்து, கிழிந்து, மறைந்தது. இறங்கி வரும்போது மாக், இதை அவர் படுத்தபடியே பார்த்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

எல்லாவற்றையும் ருக்மணி ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினாள். இடம், மணி, காற்று, மழை, படம் வந்ததா, எத்தனை நிமிஷம். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதினாள்:

"இன்றைக்கு முடியாது. கோலாலம்பூரில் நிலையம் வந்து, நமக்குப் பக்கத்து மலையில் ஒரு கோபுரமும் வந்து, பெட்டியும் இன்னும் சிறுத்துவிட்டால், ஆள் நடந்துகொண்டே பார்க்கலாம். அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

நோட்டை வாங்கிப் படித்த கணேசமூர்த்தி, அருமையாக எழுதியிருக்கிறாய் என்றான். இங்கிலீஷில் மாற்றி அனுப்பிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். மேசையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் கொஞ்சம் பொறு என்றான்.

ஜூலை மாதம் மூவாரில் சித்தி மகளுக்குப் பிரசவம். உதவிக்கு ருக்மணி போகட்டும் என்று சொன்னவன் கணேசமூர்த்திதான். பஸ் நிலையம் வரை வந்து, ஜன்னல் பக்கமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்கு அது அண்ணனின் அக்கறையாகவே பட்டது.

மூன்று வாரம் கழித்து அவள் திரும்பி வந்த மறுநாள் காலையில் மாக் மீனாச்சி வந்தாள். வாசலில் நின்றபடியே கையில் இருந்த டெலிவிஷனைப் படியில் வைத்தாள். சோதனைக்கு வந்த அதே மாதிரிப் பெட்டி, ஆனால் புதியது. அதன்மேல் மடித்த ஒரு தாளையும் வைத்தாள்.

"காவ் யாங் சாக்காப் போலே தெங்கோக்" என்றாள். நீதானே பார்க்க முடியும் என்று சொன்னாய். குரலில் கோபம் இல்லை. அதுதான் ருக்மணிக்குத் தாங்கவில்லை.

தாளை விரித்தாள். இங்கிலீஷிலும் மலாயிலும் தமிழிலும் அச்சடித்த விளம்பரம். தமிழில் பெரிய எழுத்தில் இருந்தது: "ஆள் நடந்துகொண்டே பார்க்கலாம்! மலாக்கா முழுவதும் நாற்பது நாள் சோதித்தவர், காஜா பெராங் ரேடியோ நிபுணர் குமாரி ருக்மணி."

அவளுடைய சொற்கள்தான். முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் வெட்டியிருந்தார்கள்.

மாக் நடந்ததைச் சொன்னாள். கணேசமூர்த்தியே வீட்டுக்கு வந்து அப்பாசாமியின் கட்டிலருகே உட்கார்ந்து தாளைப் படித்துக் காட்டியிருக்கிறான். புக்கிட் சீனாவில் வந்தது ஒரு நாள்தானே என்று மாக் கேட்டதற்கு, அதற்குப் பிறகு ருக்மணி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள், இந்தப் புதுப்பெட்டியில் வீட்டுக்குள்ளேயே வரும் என்று சொல்லியிருக்கிறான். மாக் தன் கல்யாணத்தில் மார்பில் குத்தியிருந்த மூன்று கெரோசாங் தங்க ஊசிகளையும் தங்க ஆசாரிகள் இருக்கும் ஜாலான் துக்காங் எமாஸில் விற்றுவிட்டுப் பெட்டியை வாங்கினாள். பதினெட்டு நாளாக அப்பாசாமி வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ருக்மணி வந்தால் சரிசெய்து தருவாள் என்று அவருக்குச் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறாள்.

ருக்மணி அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அதில் எதுவும் பழுதில்லை என்று அவளுக்குத் தெரியும். மாக்கிடம் தான் அப்படி எழுதவில்லை என்றாள். மாக் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

சாயந்தரம் கணேசமூர்த்தி வந்ததும் தாளை அவன்முன் வைத்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். முகம் கழுவிவிட்டு வந்தான். அதுவரை அவள் காத்திருந்தாள்.

"துவானுக்கு முடியும்னு ஒரு பதில் வேணும். பெட்டி எல்லாம் கப்பல்ல ஏத்தியாச்சு. நான் முடியாதுன்னு எழுதினா வேற ஆளை வச்சு எழுதிக்குவாரு. டிசம்பர்ல கோலாலம்பூர் நிலையம் வந்துட்டா எல்லாம் சரியாயிரும் ருக்கு."

"அது வந்தாலும் இங்க கிடைக்குமான்னு யாருக்கும் தெரியாது. சரி, எழுதினதுதான் எழுதின. உன் பேரைப் போட்டிருக்கலாமே. ஏன் என் பேரு?"

அவன் கணக்கு வாத்தியாருக்கு விடை சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னான்.

"என் பேரைப் போட்டா யாரு வாங்குவா? இந்த வட்டாரத்துல நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

பதினோரு வருஷமாக அவன் படித்துக் காட்டிய ஒவ்வொரு வரியும் ருக்மணிக்கு நினைவுக்கு வந்தது. அதில் எத்தனை வரியை இப்படி வெட்டிப் படித்தானோ என்ற எண்ணமும் வந்தது. அப்படி இருந்திருக்காது. இருந்திருந்தால் ரேடியோ பாடியிருக்காது. ஆனாலும் இனிமேல் அவளால் அதைச் சந்தேகப்படாமல் இருக்க முடியவில்லை.

கம்பெனிக்கே போய்ச் சொல்லிப் பார்த்தாள். துவானைப் பார்க்க விடவில்லை. மேசையில் இருந்தவர், உன் அறிக்கை உன் அண்ணன் மூலமாகத்தானே வந்தது, அவரிடமே பேசு என்றார். அங்கே ரிப்பேர் மேசை என்று ஒன்று கிடையாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அப்படி ஒரு யோசனையே இல்லை என்றார் அவர்.

பிறகு அவள் விசாரித்துக்கொண்டு வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போனாள். மொத்தம் பதினான்கு வீடு. சிலர் திட்டினார்கள். குருபோங்கில் இருந்த சேதுபதி என்ற கங்காணி, பொம்பளை பேச்சை நம்பியது தன் தப்பு என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். எல்லா வீட்டிலும் நோட்டைக் காட்டினாள். பாதிப் பேர் பார்க்க மறுத்தார்கள்.

கடைசியில் தமிழ்ப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதினாள். நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒரு சொல் விடாமல் எழுதி, விளம்பரத்தில் வந்தது இதன் நடுத்துண்டு மட்டும்தான் என்று குறிப்பிட்டாள். அண்ணன் பெயரை எழுதவில்லை. கடிதம் செப்டம்பர் மாதம் வந்தது. இரண்டு வாரத்தில் கம்பெனி பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. குற்றத்தை முழுக்கக் கிளைக் குமாஸ்தாமேல் போட்டு, கணேசமூர்த்தியை வேலையைவிட்டு நிறுத்தியது.

மூன்றாம் நாள் அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"அவன் பண்ணது தப்புதான். ஆனா கூடப் பொறந்தவனைப் பேப்பர்ல போட்டுக் குடுத்துட்டியே. அவன் நம்ம வீட்டுக்குள்ள பண்ணான். நீ ஊருக்கே பண்ணிட்ட."

"அவன் வீட்டுக்குள்ள பண்ணலம்மா. மாக் வீட்டுக் கட்டில் பக்கத்துல உக்காந்து பண்ணான்."

நாகம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். தீபாவளிக்கு முன்பே கணேசமூர்த்திக்கு ஈப்போவில் வேறு வேலை கிடைத்தது. அம்மாவும் அவனோடு போனாள். புறப்படும் காலையில் அவன் ருக்மணியின் மேசைப் பக்கம் வந்து, ஈயம் பற்றவைக்கும் கம்பியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தானோ என்னவோ. அவள் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் கேட்டிருப்பானா என்று பிற்பாடு பல நாள் யோசித்தாள்.

அதன்பிறகு வீட்டில் அவள் தனியாக இருந்தாள். ரேடியோக்கள் வருவது முதலில் குறைந்து, பிறகு மெல்ல மெல்லக் கூடியது. அப்பாசாமி டெலிவிஷன் பார்க்காமலே மாசி மாதத்தில் இறந்துபோனார். பெட்டிக்குக் கொடுத்ததைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தாலும், விற்ற ஊசிகள் அதற்குள் கைமாறிப் போயிருந்தன.

அடுத்த ஆவணியில் மாக் மீனாச்சி ஒரு கவரோடு வந்தாள். தபாலில் வந்ததாம். தமிழில் இருக்கிறது, என்னவென்று படித்துச் சொல் என்றாள்.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. ருக்மணி எழுத்துக் கூட்டிப் படிப்பவள் போல மெதுவாகப் படித்தாள். மாப்பிள்ளை கணேசமூர்த்தி. பெண் ஈப்போ தம்பிராஜாவின் மகள் கோகிலா. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. ஒவ்வொன்றாக மலாயில் மாற்றிச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை.

உனக்கு வந்ததா என்று மாக் கேட்டாள். இல்லை என்றாள்.

அப்படியென்றால் நானும் போகவில்லை என்றாள் மாக்.

"போங்க மாக். அம்மா தனியா கிடந்து எல்லா வேலையும் பாத்துக்கிட்டிருப்பாங்க. முட்டி வலி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மாக் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உடனே போய்விடாமல், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ருக்மணி விளக்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, யாரோ காலையில் கொண்டுவந்து வைத்திருந்த ரேடியோவின் பின்பலகையைக் கழற்றத் தொடங்கினாள். மூன்றாவது திருகு வரவில்லை. கண்ணை நீர் மறைத்தது. மாக் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், ரேடியோ நகராதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.