திரும்பி நிற்கும் அப்பா

பிள்ளைகள் கண்ணில் படக்கூடாத இணையப் படங்களை முடக்கும் அரசு அலுவலகம் ஒன்று கம்பாலாவில் இருக்கிறது. எதை முடக்குவது என்று யாராவது முதலில் பார்த்தாக வேண்டுமே. அந்த யாராவது என் கணவர் செபுன்யாதான்.

நேற்று சாயங்காலம் முற்றத்தில் நகிமேராவைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து வயது. அப்பாவைக் கண்டதும், எங்கள் ஊர் வழக்கப்படி மண்டியிட்டு வணக்கம் சொல்லத் துண்டோடு ஓடினாள். அவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க பெத்த பொண்ணு அது! பேயா பிசாசா, இப்படித் திரும்பிக்கிறீங்க?"

"முதல்ல துணியைப் போட்டு விடு, நபோசா." சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "ஆபீஸ்ல அந்த அசிங்கப் படங்கள்ல பாத்த பிள்ளைங்க முகமெல்லாம் கண்ணை மூடினாலும் போகமாட்டேங்குது."

"அப்ப என் போன்ல இருந்த இவ கைக்குழந்தைப் படமெல்லாம் காணாமப் போனது?"

"நான்தான் அழிச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாராம்! வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடலாம் என்று நெருங்கினேன்.

அதற்குள் நகிமேரா உள்ளே ஓடிப்போய்ப் பள்ளிச் சீருடையை மாட்டி, அந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டரை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டாள்.

"அப்பா, எல்லாம் போட்டுட்டேன். இப்ப என்னைப் பாக்கலாம்."