சொல்லில் இருந்த இரும்பு

ஜீப் ஓட்டுநர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னான்: "மலையில இரும்பு இருக்காம். நம்ம தெரு காலி."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னாலுள்ள மலையைத் துளைத்துப் பார்க்க வந்த ஆய்வுக்காரர்களுக்கு அவன்தான் வண்டி ஓட்டுகிறான். பின்னிருக்கையில் பொறியாளர் போனில் பேசியபோது ஒரு சொல் அவன் காதில் விழுந்திருக்கிறது. அலுமினிஃபெரஸ். பள்ளிக்கூடத்தில் படித்ததில் அவனுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். ஃபெரஸ் என்றால் இரும்பு என்பது அதில் ஒன்று.

இரும்பென்றால் வெட்டுவார்கள். வெட்டினால் மலையடி வீடுகள்தான் முதலில் போகும். அவர்கள் வீட்டுக்கு இன்னும் வண்ணம்கூட அடிக்கவில்லை. மடித்த துணியை அலமாரியில் வைப்பதா பெட்டியில் வைப்பதா என்று தெரியாமல் அவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு நாத்தனாரைப் போனில் கூப்பிட்டாள். அவள் அச்சகத்தில் அகராதிக்கு மெய்ப்புப் பார்ப்பவள்.

"அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி."

சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"அண்ணன் பாதிச் சொல்லைப் பிடிச்சுக்கிட்டு வீட்டையே காலி பண்ணப் பாக்குதே! லத்தீன்ல ஃபெர்ரம்னா இரும்பு, ஃபெர்ரேன்னா சுமக்கிறது. கேக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும், ரெண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது. இதுல இருக்கிறது சுமக்கிறது. அலுமென்னா படிகாரம். படிகாரத்தைச் சுமக்கிற கல்லு, அவ்வளவுதான்."

"சவரம் பண்ணிட்டு மூஞ்சில தேய்ப்பாங்களே, அதா?"

"அதேதான்."

"அப்ப வெட்ட மாட்டாங்கல்ல?"

"எனக்கு அர்த்தம்தான் அண்ணி தெரியும். வெட்டுவாங்களா மாட்டாங்களான்னு அந்த ஆளுகிட்டயே அண்ணனை வாயைத் திறந்து கேக்கச் சொல்லுங்க."

மறுநாள் கேட்டான். பொறியாளர் கொட்டாவி விட்டபடி சொன்னார்: "இரும்புன்னு நம்பித்தாம்பா வந்தோம். ஏமாந்துட்டோம். படிகாரத்துக்காக யாரு மலையைக் குடைவா? நாளைக்குக் கிளம்புறோம், உனக்கும் வேலை முடிஞ்சுது."

வேலை போன மனிதன் இப்படி விசிலடித்துக்கொண்டு வீடு திரும்பி அவள் பார்த்ததில்லை.

சாயங்காலம் இருவரும் மேலே ஏறினார்கள். துளைத்த பாறையின் விரிசலில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி, அவன் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டாள். துவர்ப்பு சுரீரென்று ஏறியது. கன்னம் இரண்டும் உள்ளே போயின, கண்கள் இறுக மூடிக்கொண்டன.

"என்னடி, எப்படி இருக்கு?"

சிரிப்பும் கண்ணீருமாக, மிச்சம் ஒட்டியிருந்த விரலை அவன் வாயருகே நீட்டினாள்.