பதினான்காம் ஷரத்து

பேச்சுவார்த்தை மேசையில் எங்கள் பக்கம் ஒருவர்தான் பேச வேண்டும். மற்றவர்கள் துண்டுச்சீட்டு எழுதி அவரிடம் நகர்த்தலாம். இந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. பேசத் தெரியாத என்னைக் குழுவில் சேர்த்ததற்கு இரண்டு காரணங்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒப்பந்தப் பணியாளர்களில் ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று எங்கள் மருத்துவமனைப் பணியாளர் சங்கத்தில் யாரோ கேட்டிருந்தார்கள்.

கப்வே அரசு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வருடா வருடம் டிசம்பரில் ஒப்பந்தம் முடியும், ஜனவரியில் புதுப்பிப்பார்கள். பக்கத்து மேசையில் லுயாண்டோ. அவளுக்கும் அதே ஒப்பந்தம்தான். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒப்பந்தக்காரர்களுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. வயிறு தெரிந்தால் ஜனவரியில் கூப்பிட மாட்டார்கள். அதனால் வெயிலிலும் பெரிய கோட்டைக் கழற்றாமல் இருந்தாள்.

ஜூலையில் பழைய அரசு எங்கள் சங்கத்தோடு ஓர் உடன்படிக்கை போட்டது. எல்லோருக்கும் சம்பள உயர்வு. பதினான்காம் ஷரத்தில், இரண்டு வருடம் முடித்த ஒப்பந்தப் பணியாளர்கள் நிரந்தரம் என்று இருந்தது. எனக்கும் லுயாண்டோவுக்கும் அது முடிந்திருந்தது. ஆகஸ்டில் தேர்தல் வந்தது, அரசு போனது. தேர்தல் நேரத்தில் போட்ட கையெழுத்தையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்றது புதிய அரசு. அக்டோபரில் எங்களை சியவோங்காவுக்கு அழைத்தார்கள். ஏரிக்கரை விடுதி. சன்னல் வழியே அணை தெரிந்தது. மின்சாரம் பாதி நாள் இல்லை.

அரசுத் தரப்பின் தலைவராக வந்தவர் கசோண்டே, அமைச்சகத்தின் புதிய செயலாளர். ஜூன் வரை எங்கள் சங்கத்தின் பொதுச்செயலாளர் அவர்தான். பதினான்காம் ஷரத்தின் வரைவை எழுதியதும் அவர்தான்.

முதல் நாள் காலை கோப்போடு உள்ளே வந்தவர், நேராக எங்கள் பக்கம் நடந்து, முதிந்தா அம்மாவுக்கு அடுத்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். பல வருடப் பழக்கம். எதிர்ப்பக்கம் இருந்த அதிகாரிகள் தங்கள் காகிதங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதிந்தா அம்மா தலைமைச் செவிலி, இப்போது எங்களுக்காகப் பேசுபவர். அவர் மெதுவாகச் சொன்னார். "தோழரே, உங்க நாற்காலி அந்தப் பக்கம் இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து மேசையைச் சுற்றிப் போனார்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் சக்கலா சும்மா இருக்கவில்லை. "இனி தோழர்னு கூப்பிடறதா, செயலாளர் ஐயான்னு கூப்பிடறதா? சொல்லிட்டா எங்களுக்கும் சௌகரியம்."

"கார்ல கொடி இல்லாத வரைக்கும் தோழர்தான்யா," என்றார் கசோண்டே. அதோடு சிரிப்பு முடிந்தது.

பிறகு அவர் பேசினார். கஜானாவைப் பழைய ஆட்கள் துடைத்துவிட்டுப் போனார்கள் என்றார். கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொரு பணியிடத்தையும் எண்ணுகிறார்கள் என்றார். சம்பள உயர்வை எப்படியாவது காப்பாற்றித் தருவேன், பதினான்கை மட்டும் விட்டுவிடுங்கள், ஒப்பந்தப் பணியாளர்களில் பாதிப் பேர் பழைய கட்சி ஓட்டுக்காக நுழைத்தவர்கள் என்றார். 'நாங்கள் அதற்கு முன்பே சேர்ந்தவர்கள்' என்று சீட்டில் எழுதி நகர்த்தினேன். முதிந்தா அம்மா படித்துவிட்டு அதைத் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தார். அந்தச் சீட்டில் என்ன இருக்கும் என்பது கசோண்டேவுக்குப் படிக்காமலே தெரிந்திருக்கும்.

மறுநாளும் அதே பேச்சு. மின்விசிறி சுற்றாத அறையில் ஒரே வாக்கியத்தை இரு தரப்பும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கடைசி நாள் மதியத்துக்கு முன் அவர் தேநீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டார். உயர்வு வேண்டுமா, இன்று கையெழுத்து. பதினான்கும் வேண்டுமென்றால் இரண்டும் இல்லை.

தனியாகப் பேச நேரம் கேட்டு வெளியே வந்தோம். கரையில் கபெந்தா என்ற பொடி மீன் காய்ந்துகொண்டிருந்தது. நிழலில் ஆறு பேர் நின்றோம். முதிந்தா அம்மாவுக்கு அடுத்த வருடம் ஓய்வு. கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் ஓய்வூதியம். அதை யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர்கள் விஷயத்தை ஒரு கூட்டுக்குழுவிடம் விடலாம் என்றார் ஒருவர்.

"குழுவா? போன குழு இன்னும் முதல் கூட்டமே போடல," என்றார் சக்கலா.

முதிந்தா அம்மா என் பக்கம் திரும்பினார். "நமுகோலோ, நீ என்ன சொல்ற? அவங்கள்ல இங்க இருக்கறது நீ ஒருத்திதான். நீ சரின்னு சொல்லு மகளே. நீ சொன்னா யாருக்கும் மனசு உறுத்தாது."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. களைத்துப் போயிருந்தார். நானும்தான். சரி என்று சொல்லியிருந்தால் சாப்பிடப் போயிருக்கலாம்.

"சொல்ல மாட்டேன்மா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தடுக்க என்னால முடியாது. நீங்க அஞ்சு பேர் இருக்கீங்க, ஓட்டு எடுங்க. ஆனா ஒப்பந்தக்காரப் பொண்ணே ஒத்துக்கிட்டான்னு வெளிய போய்ச் சொல்லிடாதீங்க."

முதிந்தா அம்மா முதலில் கை தூக்கினார். பிறகு மூன்று கைகள். சக்கலா கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

உள்ளே பதினான்கின் மேல் கோடு போட்டார்கள். அந்த இடத்தில் கூட்டுக்குழு என்று ஒரு வரி வந்தது. புதுப் பிரதி அச்சாகி வரும்வரை சாப்பாடு. சோளக்களியும் ஏரி மீனும். கசோண்டே தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஷரத்தை எழுதினது நான்தான்," என்றார்.

"தெரியும்."

"ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன். இப்பவும் நல்ல ஷரத்துதான் அது."

மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மீனில் முள் அதிகம் என்றார்.

கையெழுத்துப் பக்கம் வந்தபோது என் பெயருக்கு நேரே வெறுமையாக விட்டு அடுத்தவரிடம் நகர்த்தினேன். கை தூக்காத சக்கலாவும் போட்டிருந்தார். ஐந்து கையெழுத்தே போதும் என்றார் ஓர் அதிகாரி. முதிந்தா அம்மா என்னை வற்புறுத்தவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

வெளியே வந்து லுயாண்டோவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வேறு யாராவது முதலில் சொல்வதற்குள் நானே சொல்லிவிட நினைத்தேன். அவளுக்குப் பின்னால், ஆய்வகத்தில் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"பதினாலு போச்சு," என்றேன். "உயர்வு மட்டும்தான். நமக்குக் குழு."

இரைச்சல் நின்றது. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"நீ கை தூக்கினியா?"

"இல்ல."

"சரி." மூச்சு விட்டாள். "நீ தூக்கியிருந்தாலும் போயிருக்கும். இருந்தாலும் கேக்கணும்னு தோணிச்சு."

என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கோட்டைக் கழற்றிவிடப் போகிறேன் என்றாள். ஜனவரியில் எப்படியும் வயிறு தெரிந்துவிடும், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, டிசம்பர் வரை காற்றாவது படட்டும் என்றாள்.