இருட்டில் சொன்ன பதில்

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். மாதா கோயிலைச் சேர்ந்த பங்குப் பள்ளியில் ஆசிரியை வேலைக்குத் திங்கட்கிழமை கோயில் குருவான பங்குச்சாமி கையெழுத்துப் போடுவதாக இருந்தது. முந்தின நாள் நான் சினிமாக் கொட்டகையில் இருந்தேன்.

சேலத்தில் இங்கிலீஷ் படமென்றால் ஞாயிறு காலைக்காட்சிதான். ஊமைப்படக் காலத்துச் சிரிப்புப் படம், கறுப்பு வெள்ளைக் கொலைப்படம், கலரில் வந்த யுத்தப்படம், எதையும் விட்டதில்லை. அன்றைய படத்தைக் கிறிஸ்தவர்கள் பார்க்கவே கூடாதென்று, பங்குச்சாமிக்கு உதவியாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் உபகாரசாமி கோயிலில் அறிவித்திருந்தார். விடியற்காலைப் பூசையை முடித்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

திரையில் மாடிப்படியில் ஒருவன் ஏறி வருகிறான். மேலே ஒருத்தி விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி நிற்கிறாள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அடுத்த காட்சி சாவுப் பூசை. குருவானவர் கைகளை விரித்து, "தோமினுஸ் வோபிஸ்கும்", ஆண்டவர் உங்களோடு இருப்பாராக, என்றார்.

"எத் கும் ஸ்பிரித்து துவோ."

அப்போதெல்லாம் பூசை லத்தீனில்தான்; சின்ன வயதிலிருந்து பாடகர் குழுவில் பதில் சொல்லிப் பழகிய என் வாய். உம் ஆன்மாவோடும் இருப்பாராக என்ற பதிலை உரக்கச் சொல்லிவிட்டது. அதே நொடி, ஆண்கள் பக்கமிருந்து ஒரு தடித்த குரலும் அதையே சொன்னது.

"அட, பூசை நடக்குதுங்கடோய்!" என்று எவனோ கத்த, கொட்டகையே சிரித்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் குரல் அவருக்கும் தெரியும்.

இடைவேளையில் உபகாரசாமி பெண்கள் பக்கத் தடுப்புக்கு அப்பால் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"நீ என்னையப் பாக்கல, நான் உன்னையப் பாக்கல. சரியாம்மா?"

"சரிங்க."

நம்பினேன். படித்த முட்டாள்.

திங்கட்கிழமை பங்குச்சாமியின் மேசைக்குப் பக்கத்தில் உபகாரசாமி நின்றிருந்தார்.

"நேத்து கொட்டகைக்குப் போனியாம்மா?" என்றார் பங்குச்சாமி.

"இவருந்தான் சாமி இருந்தாரு."

"நம்ம புள்ளைங்க யாரு வாராங்கன்னு பாக்கப் போனேனுங்க சாமி," என்றார் உபகாரசாமி.

"ஆளைப் பாக்கப் போனவரு படத்துக்கு எதுக்குங்க பதில் சொன்னீங்க?"

அவர் காது சிவந்தது. பங்குச்சாமி கையை உயர்த்தினார்.

"உபதேசியாரை நீ கேள்வி கேக்கக் கூடாது. வர ஞாயிறு பூசையில, கோயில் நடுவுல முழந்தாள் போடு. அப்புறம் வேலை."

"பக்கத்துல இவரும் போடுவாருங்களா?"

பங்குச்சாமி பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப நானும் போட மாட்டேனுங்க."

சொன்னது நானா என்றிருந்தது. வெளியே வந்தபின்தான் பயம் முழுசாகப் பிடித்தது. மகள் டீச்சராகிவிட்டாளென்று லாரிப் பட்டறையில் அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பார். வேலை போனதை வேறு வாயால் கேட்டால் தாங்கமாட்டார். நானே சொல்லிவிடலாமென்று பட்டறைக்கே நடந்தேன்.